வாரிசுத் தகராறு

கவிமணியின் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' படித்திருப்பீர்கள். சொத்து மகனுக்கா, சகோதரி மகனுக்கா என்று வழக்காடியே நொடித்த குடும்பங்களின் நையாண்டி. 1926-ல் சட்டம் வந்து அந்த வழியை மாற்றியது.

இலவச மென்பொருளிலும் இதே தகராறுதான். கம்ப்யூட்டரின் சூட்டையும் விசிறி வேகத்தையும் காட்டும் 'ஓப்பன் ஹார்ட்வேர் மானிட்டர்' எம்.பி.எல். 2.0 உரிமத்தில் கிடைக்கிறது. அதன் ஃபைல்களைத் திருத்தி வெளியிட்டால், அவற்றைத் திறந்துவைத்தால் போதும். ஜி.பி.எல். கறார், அதோடு கலந்த மொத்தக் குடும்பமும் அதன் வழிக்கு வரவேண்டும். 2012-ல் வந்த எம்.பி.எல். 2.0 இதனோடு சம்பந்தம் பண்ண இடம் கொடுக்கிறது. அப்பாச்சி 2.0-வோ, ஜி.பி.எல். 3-உடன் சேரும், 2-உடன் சேராது.

தாராளமாகக் கொடுத்தவர்கள், பத்திரத்தை மட்டும் ஏன் வக்கீல் பாஷையில் எழுதினார்கள்?

நாகர்கோவில் இன்ஜினீயரிங் மாணவர்களே, பிராஜெக்ட்டில் ஒட்டுமுன் லைசென்ஸைப் படியுங்கள். பொருந்தாவிட்டாலும் புரோகிராம் ஜோராக ஓடும். ஊருக்குக் கொடுக்கத்தான் முடியாது.