கலாம் பாடம்: பொன்மொழியும் பட்டறையும்

பெரியோர் வரலாற்றை இளையோர்க்கு எடுத்துரைத்தல் தமிழாசிரியர்க்கு நெடுங்காலமாக அமைந்த பணியாகும். எளிதாகத் தோன்றினும் அப்பணி எளிதன்று. ஒருவரைப் புகழ்வது வேறு; அவரைக் கொண்டு கற்பிப்பது வேறு. புகழப் புகழ அவர் மாணவனை விட்டு உயரத்திற்குச் சென்றுவிடுகிறார். கற்பிக்கும்போதுதான் கைக்கெட்டும் தொலைவிற்கு வருகிறார்.

இவ்வேறுபாட்டைக் காண டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாமைவிடத் தக்க சான்று இக்காலத்தில் இல்லை. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்து, ஏவூர்தித் துறையில் தலைநின்று, 2002 முதல் 2007 வரை இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கி, 2015ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் சில்லாங்கில் மாணவர் முன் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தவர் அவர். கருவிகளைப் படைத்த கையும் அரசின் முத்திரையை ஏந்திய கையும் ஒன்றாக அமைந்தவர் தமிழரில் மிகச் சிலரே. ஆதலின், கூலாய் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியாயினும் மதுரை நகரத்துப் பள்ளியாயினும், பேச்சுப் போட்டி என்றால் அவர் பெயர் ஒலிக்கக் கேட்கலாம்.

ஆயின் அங்கு ஒலிப்பது என்ன? கனவு பற்றிய இரண்டு வாசகங்கள், வறுமையில் செய்தித்தாள் போட்ட சிறுவன் நாட்டின் தலைவரானான் என்னும் ஒரு வரி, பின்னர்க் கைதட்டல். அவர் நூல்களில் எங்குத் தேடினும் கிடைக்காத வாசகங்கள் பல அவர் பெயரால் உலவுகின்றன என்பதையும் ஆசிரியர்கள் அறிவர். செய்தித்தாள் கட்டிலிருந்து குடியரசு மாளிகை வரை உள்ள நீண்ட வழி முழுவதும் விடுபட்டுப் போகிறது. அவ்வழியிலேதான் பாடம் இருக்கிறது.

நூலும் அதன் எல்லையும்

ஆசிரியர்க்குக் கிடைக்கும் முதல் கருவி, அருண் திவாரியின் துணையோடு கலாம் ஆங்கிலத்தில் எழுதி 1999இல் வெளிவந்த தன்வரலாறு. மு. சிவலிங்கத்தின் தமிழாக்கத்தில் அது 'அக்னிச் சிறகுகள்' என்னும் பெயரால் தமிழுலகெங்கும் பரவியது. முதற்பகுதி சிறுவர்க்கும் இனிக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீரெனத் தேவை பிறக்க, அதைப் பொறுக்கி விற்று நாளுக்கு ஓரணா சேர்த்தது. இராமேசுவரத்தில் தொடர்வண்டி நில்லாது போக, ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்து முதற் கூலி பெற்றது. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப் பணமின்றித் தவித்தபோது தமக்கை சோகரா தம் நகைகளை அடகு வைத்தது: இவை யாவும் கதைபோல் ஓடுகின்றன.

நடுப்பகுதி அவ்வாறன்று. நிறுவனப் பெயர்களும் திட்டப் பெயர்களும் நிரம்பிய அப்பக்கங்களில் மாணவன் கால் இடறுகிறான். பல வேளை ஆசிரியரும் இடறுகிறார். ஆகவே முதற்பகுதியை வகுப்பில் படித்துவிட்டு நூலை மூடிவிடும் வழக்கம் ஏற்படுகிறது. மேலும், அந்நூல் 1999இல் வந்தமையால் குடியரசுத் தலைவர் கலாம் அதில் இல்லை. அவ்வரலாற்றுக்கு அவர் 2012இல் வெளியிட்ட 'டர்னிங் பாயிண்ட்ஸ்' என்னும் நூலை நாட வேண்டும். முதல் நூலின் முதற்பகுதியை மட்டும் கொண்டு கலாமைக் கற்பிப்பது, வேரை மட்டும் காட்டி மரத்தை அறிந்துகொள் என்பதற்கு ஒப்பாகும்.

தமிழில் ஒரு விமானம்

தமிழாசிரியர் தவறவிடக் கூடாத செய்தி ஒன்று அந்நூலில் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும்போது அங்குள்ள தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே கட்டுதல் பற்றித் தமிழிலேயே எழுதி, 'ஆனந்த விகடன்' ஆசிரியர் தேவனின் கையால் கலாம் முதற்பரிசு பெற்றார். தமிழைப் போற்றி எழுதிய கட்டுரையன்று அது. விமானத்தைத் தமிழில் எழுதிய கட்டுரை.

இந்த வேறுபாடு மலேசியத் தமிழ்ப்பள்ளிக்கு மிகவும் வேண்டியது. ஆறாண்டு தமிழில் பயின்ற பிள்ளை இடைநிலைப்பள்ளியில் கால் வைத்ததும் பயிற்றுமொழி மாறுகிறது. தமிழ் விழாவுக்கும் வாழ்த்துக்கும் உரியது, அறிவுக்கு வேறொரு மொழி என்னும் எண்ணம் அப்பருவத்தில் மெல்ல முளைவிடும். கலாமின் தொழிலும் ஆங்கிலத்திலேயே நடந்தது. அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பொறியியல் மாணவராய் இருந்தபோதே தம் துறையைத் தாய்மொழியில் சொல்லிப் பார்த்தவர் அவர். ஆயிரம் வாழ்த்துரை செய்யாததை அவ்வொரு நிகழ்ச்சி செய்யும்.

அவர் படைத்தவை எவை?

'ஏவுகணை நாயகர்' என்னும் பட்டம் ஒருவரே தனித்திருந்து எல்லாவற்றையும் ஆக்கினார் என்னும் மயக்கத்தைத் தருகிறது. உண்மை அதனினும் உயர்ந்தது. எசு.எல்.வி.-3 என்னும் ஏவூர்திக்கும், 1983இல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்திற்கும் அவர் தலைமை தாங்கினார். பலருடைய அறிவை ஒரு குறிக்கோளின்பால் செலுத்தியதே அவருடைய பெருந்திறன்.

அவர் நேரே வடிவமைப்பில் ஈடுபட்டவற்றுள் ஒன்று, காற்று மெத்தையின்மீது மிதந்து செல்லும் 'நந்தி' என்னும் ஊர்தி. பெங்களூரில் ஒரு சிறு குழுவுடன் அதை அமைத்து, பாதுகாப்பு அமைச்சர் கிருட்டிண மேனனை ஏற்றிக் கலாமே ஓட்டிக் காட்டினார். அமைச்சர் பதவி நீங்கியபின் திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் அவ்வூர்தியைப் பார்வையிட்ட பேராசிரியர் எம். ஜி. கே. மேனனின் வழியாகவே விண்வெளி ஆய்வுக் குழுவின் அழைப்பு கலாமுக்கு வந்தது. வீணானதாகத் தோன்றிய உழைப்பே அடுத்த கதவைத் திறந்தது.

மற்றொன்று, போலியோவால் கால் வலுவிழந்த குழந்தைகள் அணியும் தாங்குகருவி. ஏவுகணைக்கென உருவாக்கிய எடை குறைந்த கரியிழைப் பொருளை ஐதராபாத்து மருத்துவர் ஒருவர் கண்டு வியக்க, ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள கருவி 300 கிராம் அளவிற்குக் குறைந்தது. இதைத் தம் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்றாகக் கலாம் பலகாலும் கூறினார். அழிக்கும் கருவிக்கும் தாங்கும் கருவிக்கும் மூலப்பொருள் ஒன்றே. அணுகுண்டுச் சோதனையிலும் ஏவுகணையிலும் அவருக்கிருந்த பங்கைக் குறித்து மாறுபட்ட கருத்துடையோர் உளர். அக்கருத்தை வகுப்பில் எழுப்பும் மாணவனை அடக்காமல், இவ்வொரு செய்தியை முன்வைத்துச் சிந்திக்க விடுவதே ஆசிரியர் கடன்.

317 நொடிகள்

1979ஆம் ஆண்டு ஆகத்து 10ஆம் நாள் சிறீஅரிகோட்டாவில் எசு.எல்.வி.-3 முதன்முறை ஏவப்பட்டது. ஏவுவதற்குச் சற்றுமுன் கணினி நிறுத்தச் சொல்லிற்று. வல்லுநர் சிலர், கணக்குச் சரியாகவே இருக்கிறது, மேலே செல்லலாம் என்றனர். திட்ட இயக்குநர் கலாம் கணினியைப் புறந்தள்ளி ஏவ ஆணையிட்டார். முதற்கட்டம் நன்கு இயங்கிற்று. இரண்டாம் கட்டம் கட்டுக்கடங்காது போயிற்று. 317 நொடிகளில் எல்லாம் முடிந்து, ஏவூர்தி வங்கக் கடலில் வீழ்ந்தது. ஆராய்ந்தபோது, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் ஒரு வால்வு மூடாது நின்று அமிலம் கசிந்ததே காரணமெனத் தெரிந்தது.

அன்று செய்தியாளர் முன் அமர்ந்து பொறுப்பேற்றவர் விண்வெளி ஆய்வு நிறுவனத் தலைவர் சதீசு தவான். 1980ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் அதே வகை ஏவூர்தி ரோகிணி துணைக்கோளை வட்டப்பாதையில் நிறுத்திய போதோ, செய்தியாளரைச் சந்திக்கும்படி தவான் கலாமை முன்னே விட்டார். தோல்வி தலைவருக்கு, வெற்றி குழுவினர்க்கு என்னும் இப்பாடத்தைத் தாம் எந்த நூலிலும் கற்கவில்லை என்னும் பொருள்படக் கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லி வந்தார்.

கவனிக்க வேண்டுவது இது: தாம் செய்த பிழையான முடிவையும், தம்மைக் காத்த மற்றொருவரின் பெருந்தன்மையையும் உலகறியச் சொன்னவர் அவரே. அவரே மறைக்காததைப் பள்ளி மேடை ஏன் மறைக்கிறது? கனவு கண்டால் கைகூடும் என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை ஒரு தேர்வில் தவறியவுடன், தன் கனவு போதவில்லை போலும் என்று தன்னையே நொந்துகொள்கிறான். வால்வு மூடவில்லை, தேடிக் கண்டு திருத்தினர், பதினொரு மாதத்தில் மீண்டும் ஏவினர் என்று கேட்ட பிள்ளையோ, தன் விடைத்தாளை எடுத்து வால்வு எங்கே என்று தேடுவான்.

திருக்குறளில் ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரம்; இடுக்கண் அழியாமை 63ஆம் அதிகாரம்; அதை அடுத்து 64ஆவதாக நிற்பது அமைச்சு. முயற்சி, துன்பத்தில் தளராமை, அதன்பின்னரே நாடாளும் பணி. கலாம் வாழ்க்கையை இவ்வரிசையில் வைத்துப் பார்க்கும் ஆசிரியர்க்குப் பாடத்திட்டம் தானே அமைந்துவிடும்.

கையெழுத்தின் பொறுப்பு

ஆட்சியாளர் கலாமைக் கற்பிக்க இரண்டு கையெழுத்துகள் போதும். 2005ஆம் ஆண்டு மே மாதம் மாசுகோவில் இருந்தபோது, பீகார்ச் சட்டமன்றத்தைக் கலைக்கும் ஆணையில் நடுவண் அமைச்சரவையின் அறிவுரைப்படி அவர் ஒப்பமிட்டார். அக்கலைப்பு அரசியலமைப்புக்கு மாறானது என உச்சநீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. பதவி விலகக் கடிதம் எழுதி வைத்ததையும், பிரதமர் மன்மோகன் சிங் வேண்டியதால் அதைக் கைவிட்டதையும் கலாம் தம் நூலில் கூறுகிறார். 2006ஆம் ஆண்டில், ஆதாயம் தரும் பதவி பற்றிய சட்ட வரைவை மறு ஆய்வுக்கென நாடாளுமன்றத்திற்குத் திருப்பியனுப்பினார். அது மாற்றமின்றி மீண்டும் வந்தபோது, அரசியலமைப்பு விதித்தவாறு ஒப்பமிட்டார். ஒன்று விரைந்து இட்ட கையெழுத்து. மற்றொன்று தயங்கி ஆராய்ந்த கையெழுத்து. இரண்டையும் அருகருகே வைத்தால் பதவி என்பது மாலையன்று, பொறுப்பு என்பது விளங்கும்.

பிற நாட்டாரும் இவ்விடரினின்று தப்பவில்லை. அமெரிக்கப் பெஞ்சமின் பிராங்கிளின் என்றால் பட்டமும் மின்னலும் மட்டுமே பிள்ளைகள் நினைவில் நிற்கின்றன. இடிதாங்கியைத் தந்த அவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்பதும், முதுமையில் மனம் மாறி 1790இல் அடிமை முறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டவர் என்பதும் பாடத்தில் வரும்போதுதான், மனிதன் மாறக்கூடியவன் என்னும் உண்மை மாணவனுக்குக் கிட்டுகிறது.

வகுப்பறையில்

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு இத்துணை வேண்டுமா, வழிபட ஒரு தலைவன் போதாதா என்று கேட்பார் உண்டு. நீதிமன்றத் தீர்ப்பு ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு வேண்டுவதன்று என்பது மெய்யே; அதை இடைநிலைப்பள்ளிக்கு விட்டுவிடலாம். ஆனால் வால்வும் கசிவும் பத்து வயதுப் பிள்ளைக்கு நன்கு விளங்கும். இராமேசுவரத்தில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் பறவை பறக்கும் முறையைக் கரும்பலகையில் வரைந்து காட்டியதோடு அமையாது, கடற்கரைக்கே அழைத்துச் சென்று பறவைகளைக் காட்டியதைக் கலாம் தம் உரைகளில் நன்றியோடு குறிப்பிட்டார். கூலாய்ப் பிள்ளைகளுக்கு அக்கடற்கரை இல்லை. ஆனால் அதே மாவட்டத்தில் செனாய் விமான நிலையம் இருக்கிறது. எண்ணெய்ப்பனைத் தோப்புகளுக்கு மேலே தாழப் பறந்து இறங்கும் விமானமே கரும்பலகை. காகிதக் கீற்று ஒன்றை உதட்டருகே பிடித்து அதன் மேற்புறம் ஊதினால் கீற்று மேலெழும்; அது ஏன் என்னும் வினாவே பாடத்தின் முதல் வரி.

நெகிழிப் போத்தலில் நீரும் காற்றும் நிரப்பி எய்யும் நீர் ராக்கெட்டு மலேசியப் பள்ளிகளுக்குப் புதிதன்று. எவ்வளவு உயரம் சென்றது என்பதற்குப் பரிசளிப்பதோடு, சரியாக எழாமற் போன ராக்கெட்டின் குழு, தவறு எங்கே நேர்ந்தது என்று நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதினால் அதற்கும் பரிசளிக்கலாம். அந்த ஒரு பக்கத்தில் அறிவியலும் உண்டு, கட்டுரைப் பயிற்சியும் உண்டு, உண்மை பேசும் துணிவும் உண்டு.

மூத்த மாணவர்க்கு மற்றொரு பயிற்சி. மகாதீர் முகமது 1991இல் தூரநோக்கு 2020ஐ அறிவித்தார். கலாமும் ஒய். எசு. இராசனும் சேர்ந்து எழுதிய 'இந்தியா 2020' 1998இல் வெளிவந்தது. அவ்வாண்டு வந்து, போய்விட்டது. இரு நாடுகளும் எண்ணியவற்றுள் எவை நிறைவேறின, எவை நிறைவேறவில்லை என்று மாணவரே பட்டியலிடட்டும். கனவை அளந்து பார்க்கக் கற்பிப்பது கனவை அவமதிப்பதாகாது. 1979க்குப் பின் கலாமின் குழுவினர் செய்ததும் அதுவே.

ஒருவரின் தாக்கம் நிலைத்தது என்பதற்குச் சாலைப் பெயரும் சுவரோவியமும் சான்றாகா. அவர் வேலை செய்த முறை மற்றொருவர் கையில் தொடர்வதே சான்று. பொன்மொழியை ஒப்பிக்கும் நூறு மாணவர்களைவிட, தன் பிழையைத் தானே கண்டெழுதும் ஒரு மாணவனே கலாமுக்கு நெருங்கியவன். அம்மாணவனை உருவாக்கும் வாய்ப்பு அறிவியல் ஆசிரியர்க்கு மட்டுமன்றித் தமிழாசிரியர்க்கும் உண்டு. கட்டுரை ஏடு அவர் மேசைக்குத்தானே வருகிறது.