டார்ஸியின் நாலு நாள்

ஜேன் ஆஸ்டின் அம்மையாரைக் காதல் கதைக்காரி என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. என் அபிப்பிராயம் வேறு. பணத்தைப் பற்றி அந்த அம்மாளைப் போல் கூச்சமில்லாமலும் கணக்குப் பிசகாமலும் எழுதிய நாவலாசிரியர்கள் மிகச் சிலரே. 1813-ல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் டார்ஸி என்ற கனவான் நடன மண்டபத்துக்குள் நுழைகிறான். ஐந்து நிமிஷத்துக்குள் சபை முழுவதும் செய்தி பரவிவிடுகிறது: வருஷத்துக்குப் பதினாயிரம் பவுண்டு! அவன் சுபாவத்தைப் பற்றிய ஆராய்ச்சி எல்லாம் அதற்குப் பிற்பாடுதான்.

அது அவன் சம்பாதித்ததல்ல, பிதுரார்ஜிதம். கதாநாயகி எலிஸபெத்தின் தகப்பனாருக்கோ வருஷம் இரண்டாயிரம். அந்த எஸ்டேட்டும் ஆண் வாரிசுக்கே போய்ச் சேர வேண்டும் என்று பத்திரம் ஏற்பட்டிருக்கிறது. அவருக்குப் பிறந்ததோ ஐந்தும் பெண். ஒன்றுக்கு ஐந்து பங்கு வித்தியாசம். ஏணி உயரம்தான், ஆனால் படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. அதனால்தான் எலிஸபெத் டார்ஸியை ஒரு தரம் மறுத்துவிடுகிறாள் என்றதும் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

இந்த நாவலின் உரிமையை ஆசிரியை 1812-ல் 110 பவுண்டுக்கு விற்றுவிட்டார். டார்ஸியின் வருமானத்தை நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். தினம் 27 பவுண்டுக்குச் சற்று மேல் வருகிறது. டார்ஸியைப் படைத்த கைக்குக் கிடைத்த கூலி, டார்ஸியின் நாலு நாள் வருமானம்! எழுதிப் பிழைக்கிற எனக்கு வயிறு எரிகிறது என்றாலும், பதினாயிரம் என்றால் என்ன என்பது பளிச்சென்று விளங்கிவிடுகிறது.

அதே இங்கிலாந்தில், 2016 ஆகஸ்டில், வெஸ்ட்மின்ஸ்டரின் ஆறாவது ட்யூக் காலமானார். பட்டமும் அதோடு சேர்ந்த பெரிய ஆஸ்தியும் அவருடைய மகன் ஹ்யூ க்ரோவ்னரை வந்தடைந்தன. அவருக்கு அப்போது வயது 25. மூத்த சகோதரிகள் இருவர் இருந்தும் பட்டம் ஆண்பிள்ளைக்கே. ஆஸ்தி சுமார் 900 கோடி பவுண்டு என்று பத்திரிகைகள் எழுதின. நாமும் படித்தோம்; 'அடேயப்பா' என்றோம்; அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். 900 கோடிக்குப் பதில் 90 கோடி என்று அச்சுப்பிழை விழுந்திருந்தால் நம்மில் யாருக்காவது தெரிந்திருக்குமா?

ஆஸ்டின் அம்மாளின் வழியில் போய்ப் பார்ப்போம். நூற்றுக்கு நாலு வீதம் வருமானம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 36 கோடி. தினம் ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்டு. அந்த வருஷம் பிரிட்டனில் முழு நேர வேலை பார்த்த ஒரு நடுத்தர ஊழியரின் வருஷச் சம்பளம் சுமார் 28,000 பவுண்டு. இளம் ட்யூக் காலையில் எழுந்து முகம் கழுவிப் பலகாரம் முடிப்பதற்குள், அதாவது முக்கால் மணிக்குள், அந்தத் தொகை வந்துவிடும். மறுபுறம், அந்த ஊழியர் உண்ணாமல் உடுக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்துவைத்து 900 கோடியை எட்ட வேண்டுமானால் மூன்று லட்சத்து இருபதினாயிரம் வருஷம் வேண்டும். மனித இனம் தோன்றியே சுமார் மூன்று லட்சம் வருஷம்தான் ஆகிறது என்கிறார்கள் சாஸ்திரக்காரர்கள்!

எங்கிருந்து வந்தது இந்த ஆஸ்தி? ஹ்யூ ஆட்லி என்று லண்டனில் ஒரு லேவாதேவிக்காரர். 1605-ல் 200 பவுண்டுடன் தொழில் தொடங்கியவர், 1662-ல் கண்ணை மூடியபோது நாலு லட்சம் விட்டுச் சென்றார் என்று அந்த வருஷமே ஒரு சிறு பிரசுரம் வெளியாயிற்று. பணக்காரனாகும் வழி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். (அந்த மாதிரிப் புத்தகங்கள் இன்றைக்கும் நம் ரயில்வே ஸ்டேஷன்களில் விற்பனையாகின்றன.) அவருடைய நிலத்தில் ஒரு பகுதி உறவினர் அலெக்ஸாண்டர் டேவிஸுக்குப் போயிற்று. 1665-ல் பிளேக் அவரைக் கொண்டுபோனது. மிஞ்சியது கைக்குழந்தை மேரி. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, 1677-ல், ஸர் தாமஸ் க்ரோவ்னருக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். சுமார் 500 ஏக்கர் புல்வெளியும் சதுப்பும் க்ரோவ்னர் குடும்பத்துக்கு வந்தன. லண்டன் வளர்ந்து வந்து அந்தச் சதுப்பின்மேல் ஏறி உட்கார்ந்தது. மேஃபேர், பெல்க்ரேவியா என்ற பெரிய மனிதர் பேட்டைகள் அவைதாம்.

இத்தனை தலைமுறையிலும் ஆஸ்தி கரையாததற்கு வக்கீல்களும் காரணம். 2016-ல் பிரிட்டிஷ் சட்டப்படி, பொதுவாக, 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு நூற்றுக்கு 40 மரண வரி. நம் நாட்டில் 1953-ல் வந்து 1985-ல் மறைந்த எஸ்டேட் டியூட்டியின் இனம் அது. ஆனால் க்ரோவ்னர் ஆஸ்தியில் பெரும் பகுதி ட்ரஸ்டுகளின் பெயரில் இருக்கிறது. ட்யூக் இறப்பார், ட்ரஸ்ட் இறப்பதில்லை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை அதிகபட்சம் நூற்றுக்கு 6 என்று வேறு வரி உண்டு. நூற்றுக்கு 40-ன் முன்னால் அது எம்மாத்திரம்?

இக்காலத்து நாவல்களில் கோடீசுவரன் வந்தால் உல்லாசக் கப்பலும் சொந்த விமானமும் கூடவே வந்துவிடுகின்றன. கப்பலைப் பார்த்து யாருக்கு என்ன விளங்கும்? மேலே சொன்ன ஆஸ்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கே 90 லட்சம் பவுண்டு. அதில் நல்ல கப்பலாகவே வாங்கலாம். மீதி 999 பங்கு நாவலுக்குள் நுழைவதே இல்லை. அது பத்திரங்களிலும் வாடகைக் கணக்கிலும் அல்லவா இருக்கிறது! அந்தக் காகிதங்களைப் புரட்ட நம் எழுத்தாளர்களுக்கும் பொறுமையில்லை, மேல்நாட்டார் பலருக்கும் இல்லை. ஆஸ்டின் அம்மாளுக்கு இருந்தது.

எழுதத் துணிகிறவர்கள் மேரியிடமிருந்து ஆரம்பிக்கலாம். கணவர் 1700-ல் இறந்தார். அவளுக்குச் சித்தம் கலங்கியது. பாரிஸில் அவளை மணந்துகொண்டதாக ஃபென்விக் என்று ஓர் ஆசாமி வழக்காடினான். 1705-ல் அந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அவள் 1730 வரை உயிரோடு இருந்தாள். மேஃபேரில் ஆட்லி பெயரில் இரண்டு தெருக்களும், மேரி பிறந்த வீட்டுப் பெயரில் டேவிஸ் தெருவும் இன்றும் இருக்கின்றன.