பழைய இசைத்தட்டும் புதிய குரலும்

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய ‘வள்ளி திருமணம்’ அவர் மறைந்து நூறாண்டு கடந்த பின்னரும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான் வட்டாரங்களில் திருவிழாக் காலத்தில் விடிய விடிய நடிக்கப் பெறுகிறது. அதனை முன்பு ஒலிநாடாவிலும், பின்னர்க் குறுந்தகட்டிலும், இப்போது கைபேசியிலும் பதிந்து வைத்துக் கேட்கிறார்கள். புதிய பதிவு ஒன்று வந்துவிட்டால் தேநீர்க் கடைகளில் ரசிகர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். “கிட்டப்பா எங்கே, இவன் எங்கே?” என்பது முதற்கட்சி. “செத்தவரைக் கட்டிக்கொண்டு அழாதே, இந்தப் பிள்ளை ஊரையே எழுந்து நிற்க வைத்தானே, நீ பார்த்தாயா?” என்பது மறு கட்சி. இப்பூசலை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு கலையை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் கேள்வி அதனுள் கிடக்கிறது. அளவுகோல் பிழையானால் அடிபடுவது பாடிப் பிழைக்கும் இளைஞரின் வயிறு.

மத்ரஸாவில் ஓதியவனுக்கு இந்நாடகத்தில் என்ன வேலை என்று நேயர் சிலர் வினவக் கூடும். கதை பிற சமயத்தாருடையது, ஐயமில்லை. ஆயினும் அதன் தமிழும் இசையும் வைகைக் கரையில் குடியிருக்கும் எல்லார் செவியிலும் வயல்வெளி தாண்டி வந்து விழுந்தவை. அன்றியும், இப்பூசல் அரபு மொழி பயின்றோர்க்குப் புதியதன்று. பத்தாம் நூற்றாண்டில் அபுல் பரஜ் அல் இஸ்பஹானீ தொகுத்த ‘கிதாபுல் அகானீ’ என்னும் பெருநூலில் இதே வழக்கு இருக்கிறது. இஸ்ஹாக் அல் மவ்ஸிலீ, முன்னோர் பாடிய மெட்டை ஓரிழையும் பிசகாமல் ஒப்படைக்க வேண்டும் என்பவர். ஹாரூன் ரஷீதின் சகோதரரும், பகுதாதில் 817 முதல் 819 வரை கலீஃபாவென அறிவிக்கப்பட்டிருந்தவருமான இப்ராஹீம் இப்னுல் மஹ்தீயோ, தம் குரலுக்கும் மனத்துக்கும் இசைந்தவாறு பழம்பாட்டைத் திருத்திப் பாடியவர். பகுதாதின் இசைவாணர் இவ்விருவர் பின்னும் அணி வகுத்தனர். சோழவந்தான் தேநீர்க் கடையில் இன்று நடப்பது அதன் நெடுநாள் எச்சமே.

பகுதாதில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதுதான் இசைத்தட்டு. அங்கே சான்று நினைவில் மட்டும் இருந்தது. இங்கே செங்கோட்டைக் கிட்டப்பாவின் குரலே தட்டில் இருக்கிறது. அவர் 1906இல் பிறந்து 1933 டிசம்பர் 2ஆம் நாள் மறைந்தார், இருபத்தேழு வயது. அவர் குரலுக்கு முதுமை வரவில்லை, களைப்பு வரவில்லை, தொண்டை கட்டிய இரவு ஒன்றேனும் நமக்குக் காட்டப்படவில்லை. அவருடன் மேடையில் நின்ற கே.பி. சுந்தராம்பாள் 1980 வரை வாழ்ந்தார். ஆதலால் அவரது இளங்குரலையும் முதுகுரலையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் உரிய மதிப்பை வழங்க ரசிகர் கற்றுக் கொண்டனர். கிட்டப்பாவின் வகையில் அந்தப் பயிற்சிக்கு வாய்ப்பே கிட்டவில்லை. ஒவ்வொரு புதிய பாடகரும் இருபத்தேழு வயதிலேயே நின்றுவிட்ட ஒருவருடன் பந்தயம் ஓட வேண்டியிருக்கிறது.

அந்தத் தட்டுத்தான் எத்தகையது? நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஒலிக்கும். அவ்வளவே. மேடையில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கக் கேட்க நீண்டு, விருத்தமாக விரிந்து, ஆர்மோனியக்காரர் பதில் சொல்ல மீண்டும் எழுந்த பாட்டு, பதிவறையில் கடிகாரத்தைப் பார்த்துச் சுருக்கப்பட்டது. பெருங்குளத்து நீரைச் செம்பில் முகந்தது போன்றது அது. செம்பு நீர் தூயதே, தாகமும் தணிக்கும். ஆனால் குளத்தின் அளவைச் செம்பைக் காட்டி விளக்க முற்படுவோரோடு வாதாடிப் பயனில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1945இல் ஏ.வி. மெய்யப்பன் ‘ஸ்ரீவள்ளி’யைத் திரைப்படமாக்கினார். சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரரான டி.ஆர். மகாலிங்கம் அதில் முருகனாக வந்து, கிட்டப்பா புகழ்பெறச் செய்த கானகத்துப் பாட்டைப் பாடினார். வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியின் பாட்டு நிறைவளிக்கவில்லை என்று கருதி, அவர் வாயசைவிற்குப் பி.ஏ. பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார்கள். கிட்டப்பாவை நேரில் கேட்டவர்களுக்கு மகாலிங்கத்தின் பாட்டு வழிப்பாட்டு; மூலத்தின் நிழல். அவர்களுடைய மக்களுக்கோ அதுவே மூலமாயிற்று. மீண்டும் 1961இல் சிவாஜி கணேசன் முருகனாகவும் பத்மினி வள்ளியாகவும் நடித்த வண்ணப்படம் வந்தபோது, பழைய முருகனாகிய மகாலிங்கம் நாரதர் வேடம் பூண்டார். அவரவர் முதன்முதலில் கேட்டதையே ஆதி என்று கொண்டாடுகிறோம். சோழவந்தானில் பெரியவர் ஒருவர் புதிய பதிவொன்றைக் கேட்டு, “இது அசலே இல்லை” என்று தலையசைத்தார். எது அசல் என்று கேட்டேன். மகாலிங்கம் பெயரைச் சொன்னார். கிட்டப்பாவின் தட்டை அவர் ஒருமுறையும் கேட்டதில்லை.

குரலில் ஆதியைத் தேடினால் இப்படித்தான் கைநழுவும். ஆதி இருக்குமாயின் சுவாமிகளின் எழுத்தில்தான் இருக்கும். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் முதலிய சிறுவர்கள் வாத்தியார் சொல்லச் சொல்லப் பாடம் பண்ணினார்கள். பண்டை அரபுக் கவிஞர்க்கு அவர்தம் கவிதையை நெஞ்சில் ஏந்திச் சென்ற ‘ராவி’கள் வாய்த்தது போன்றது அது. அவர்கள் ஒப்படைத்தது சொல்லும் மெட்டின் போக்கும். வாத்தியாரின் தொண்டையை ஒருவரும் கேட்கவில்லை. பையன்களுக்கு மகரக்கட்டு உடைந்ததும் வேடமே மாறிவிடும் கம்பெனியில், குரலை நம்பிக் கலையை எப்படி வைக்க முடியும்?

எழுத்தும் கல்வெட்டாக நிற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். விடுதலைப் போர்க் காலத்தில் திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ், மதுரை பாஸ்கரதாஸ் போன்றோர் எழுதிய தேசியப் பாடல்களை முருகன் வேடத்திலேயே பாடிச் சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னை மேடையில் அதே வேடத்தில் பாடிக்கொண்டிருக்கையில் உயிர் நீத்தார். வள்ளியைத் தேடி வந்த வேடன் வெள்ளையனைச் சாடுவது சுவாமிகளின் ஏட்டில் இல்லாதது. இன்று அதனைப் பிழையென்பார் உண்டா? அதையே பழம்பெருமை என்று பேசுவோர், இன்றைய நடிகர் இடையில் ஒரு புதுச் சேர்க்கை செய்தால் மட்டும் முகம் சுளிப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

இனிப் புதிய பதிவுகளுக்கு வருவோம். இவற்றின் மெய்யான சிறப்பை இரு கட்சியாரும் கவனிக்கவில்லை. ‘ஸ்பெஷல் நாடக’ முறையில் நடிகர்கள் ஒரே கம்பெனியினர் அல்லர். ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறூரிலிருந்தும் வருவர், ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. அந்தச் சந்திப்பின் உயிர்நிலை தர்க்கம். நாரதருக்கும் வள்ளிக்கும், பின்னர் வேடனுக்கும் வள்ளிக்கும் நிகழும் சொற்போர் அது. எதிரி எந்தக் கேள்வியை எந்த வரிசையில் வீசுவான் என்று தெரியாமல், பாட்டாலும் வசனத்தாலும் உடனுக்குடன் பதிலிறுக்க வேண்டும். மூன்று நிமிடத் தட்டில் இதற்கு இடமேது? அக்காலத்தில் ‘நாடக செட்’ என்று பல தட்டுகளாக விற்றவற்றிலும் தர்க்கத்தின் எலும்புதான் தேறியது. பக்கத்திற்கு நாற்பத்தைந்து நிமிடம் ஓடும் ஒலிநாடா வந்த பிறகே ஒரு தர்க்கம் முழுமையாக அகப்பட்டது. அதைக் கேட்டால் வள்ளி திருமணம் முருகன் பாடும் நாடகம் என்ற நினைப்பே மாறிவிடுகிறது. தினைப்புனத்தில் தனியே நிற்கும் ஒரு பெண், வந்தவனை ஒவ்வொரு சொல்லிலும் மடக்குகிறாள். நாடகம் அவளுடையது. புதிய பதிவுகளில் ராஜபார்ட்டின் சுருதி தடுமாறும் இடங்களிலும் ஸ்திரீபார்ட்டின் சொல் தடுமாறவில்லை. கிட்டப்பாவைத் தேடிக் காது கொடுத்தவர்களுக்கு இது கேட்பதேயில்லை.

குறைகளை மறைப்பதும் முறையன்று. ஆர்மோனியத்தோடு மோதும் கீபோர்டு, எல்லாக் குரலையும் கிணற்றுக்குள்ளிருந்து வரச் செய்யும் எக்கோ, தர்க்கம் சூடேறும் கட்டத்தில் கைதட்டுக்காகச் செருகிய திரைமெட்டு ஆகியவை கேட்பவரைச் சோர்வடையச் செய்கின்றன. எல்லாவற்றினும் பெரிய குற்றம், சொல் விழுங்கப்படுவது. சுவாமிகள் எதுகை மோனையைக் கட்டியது கேட்பவன் பொருளைப் பற்றிக் கொள்வதற்காக. ழகரமும் ளகரமும் கலந்து, சீர் பிரியும் இடம் தெரியாமல் ஓடும் விருத்தத்தில் எவ்வளவு உச்சம் தொட்டாலும் பயனில்லை. பழைய தட்டின் கீறல் ஒலிக்கு நடுவேயும் கிட்டப்பாவின் சொல் முத்துமுத்தாக விழுகிறது. அவரிடம் கற்க வேண்டியது அதுதான். நம் இளைஞர் அதை விட்டு, உச்சத்தைப் பிடிக்கக் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகின்றனர். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஒப்பந்தம் பேச வரும் ஊரார் முதலில் கேட்பதும், அதைப் பார்த்துத் தொகையை ஏற்றுவதும் குறைப்பதும் அந்த ஒரு கத்தலை வைத்துத்தான். சில ஆண்டுகளில் தொண்டை போனால் அவ்வூரார் அடுத்த இளைஞரைத் தேடிப் போவர்.

இவ்வளவு பூசல் இந்நாடகத்துக்கு வாய்த்திருப்பதே ஒரு பேறு என்றும் எண்ணுகிறேன். அப்பாஸ் நாடகம், அலிபாதுஷா நாடகம், லால் கௌஹர் நாடகம் என நம் புலவர்களும் மேடைக்கென்று பாடி வைத்தனர். அவற்றை யார் நன்றாகப் பாடினார் என்று நம்மில் எவரும் சண்டையிடுவதில்லை. ஏடாக இருக்கின்றன, ஆய்வாளர் பட்டியலில் பெயராக இருக்கின்றன.

புதிய பதிவொன்று கைக்கு வந்தால், நேயர்கள் கானகத்துப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். அதைத் தள்ளி வைத்து, நாரதர் விடைபெற்றபின் வேடன் தினைப்புனத்தில் நுழையும் இடத்திலிருந்து கேட்கட்டும். அவன் முதற்கேள்விக்கு வள்ளி சொல்லும் பதில் காதில் தெளிவாக விழுந்தால், விடியும் வரை கேட்கலாம்.