தண்ணீர்க் கணக்கு சரி, உப்புக் கணக்கு?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், பெருமையாகச் சொல்லப்படும் வார்த்தை ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகாதாம். சுத்தமாகி டேனரிக்கே திரும்பி வந்துவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். வரவைக் காட்டினால் பற்று எங்கே என்று தேடுவான்.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, கிலோவுக்கு 300, 400 கிராம் உப்பு போடுகிறார்கள். டேனரியில் தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்கும். ஆர்.ஓ. மெஷினில் விட்டால் ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் கெட்டி உப்புநீர். அதைக் காய்ச்சி வற்றவைத்தால் மிஞ்சுவது சல்பேட் கலந்த கசடு உப்பு. விற்கவும் முடியாது, கொட்டவும் கூடாது. மூட்டை கட்டி அடுக்க வேண்டியதுதான். மழையில் நனைந்தால்? மறுபடி மண்ணுக்குத்தான்! இதுவா ஜீரோ?

இந்த மண் ஏற்கெனவே பட்ட பாடு போதாதா? சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்ற ஆய்வைக் குறிப்பிட்டுத்தான், 1996 ஆகஸ்ட்டில் சுப்ரீம் கோர்ட் ‘கெடுத்தவனே காசு கொடு’ என்றது. நஷ்டஈடு சேராதவர்களுக்கு ஆறு வாரத்தில் கொடுங்கள் என்று அதே கோர்ட் 2025 ஜனவரியில் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் 2015-ல், ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையக் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த கழிவை எங்கே, எப்படி வைப்பது என்பது அலட்சியமாக விடுகிற விஷயம் இல்லை சார்.

டேனரிகளை மூடு என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு அது. கொள்கை வகுக்கிறவர்கள் குழாயின் கடைசி முனையை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். உப்பை முதலிலேயே குறையுங்கள். ஊறவைக்கும் முன் தோலை உதறி உப்பைத் தனியே எடுக்கவும், உப்பைக் குறைத்துப் பதப்படுத்தவும் அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அதற்கு மானியம் கொடுங்கள்.

அடுத்தது, நிலத்தடி நீர். சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்கள் ஊர்ச் சாக்கடையை ஆர்.ஓ. வரை சுத்தம் செய்து தொழிற்சாலைகளுக்கு விற்கின்றன. ஒவ்வொன்றும் தினம் 4.5 கோடி லிட்டர் தரக்கூடியது. ஆம்பூர், வேலூர் சாக்கடையையும் அப்படி மாற்றி டேனரிகளுக்குக் கொடுக்கலாமே? ஆனால் போர்வெல் தண்ணீர் மலிவாகக் கிடைக்கும்வரை, சுத்திகரித்த தண்ணீரை எந்த முதலாளி காசு கொடுத்து வாங்குவார்? போர்வெல்லுக்கு விலை வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலைய வாசலிலும் ஒரு போர்டு வையுங்கள். இந்த மாதம் எத்தனை லிட்டர் தண்ணீர் திரும்பியது, எத்தனை டன் உப்பு சேர்ந்தது, அது எங்கே போனது? மூன்றே வரி போதும். பாலாற்றங்கரை விவசாயி அதைப் படித்துப் பார்த்து, ஜீரோவா இல்லையா என்று அவரே சொல்லட்டும்.