துருவத்தில் பட்டா உண்டா?

அண்டார்க்டிகாவைப் பற்றி நம் மாணவர்களிடையே மூன்று கருத்துகள் வழங்கி வருகின்றன. பொது அறிவு வினா விடைகளிலும் இவை இடம் பெறுகின்றன. ஒன்று, அக்கண்டத்துக்கு எவரும் உரிமை கோரவில்லை என்பது. இரண்டு, அங்கு இந்தியாவுக்கெனச் சொந்த இடம் உண்டு என்பது. மூன்று, 2048ஆம் ஆண்டில் உடன்படிக்கை முடிந்து, நிலம் பங்கிடப்படும் என்பது. மூன்றுமே திருத்தப்பட வேண்டியவை.

முதற் கருத்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டன், நார்வே, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், சிலி, அர்ஜென்டினா ஆகிய ஏழு நாடுகள் அங்கு உரிமை கோரியுள்ளன. வட்டமான தோசையை நடுவிலிருந்து துண்டு போட்டாற்போல, துருவத்தை நோக்கிக் கோடுகள் இழுத்துள்ளன. இவற்றுள் பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா ஆகியவற்றின் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மேரி பேர்டு நிலம் என்னும் பெரும்பகுதியை மட்டும் எந்த நாடும் கேட்கவில்லை.

1959 டிசம்பர் 1 அன்று பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்க்டிக் உடன்படிக்கை இந்த உரிமைகளை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. உடன்படிக்கை நடப்பில் இருக்கும் வரை புதிய உரிமை கோரலாகாது, பழையதை விரிவாக்கலாகாது, அக்காலத்தில் அங்குச் செய்யும் எச்செயலும் உரிமைக்குச் சான்றாகாது. இதுவே அதன் நான்காம் பிரிவு. நிலத் தகராறில் நீதிமன்றம் 'உள்ளது உள்ளபடி இருக்கட்டும்' என்று உத்தரவிடுவதை நம் ஊரில் காண்கிறோம். ஏறக்குறைய அதுபோன்றதே இது. வழக்கு முடியவில்லை, ஆனால் வேலி போடவும் முடியாது.

இனி இரண்டாவது கருத்து. முதல் இந்தியக் குழு டாக்டர் காசிம் தலைமையில் 1982 ஜனவரி 9 அன்று அங்கு இறங்கியது. 1983–84இல் தட்சிண கங்கோத்ரி அமைந்தது. அது பனியில் புதையவே, மைத்ரி என்னும் நிலையம் 1989 முதல் இயங்குகிறது. 2012இல் பாரதி தொடங்கப்பட்டது. மைத்ரி நிற்பது நார்வே உரிமை கோரும் பகுதியில்; பாரதி நிற்பது ஆஸ்திரேலியா உரிமை கோரும் பகுதியில். ஆயினும் நாம் எவரிடமும் விசா கேட்பதில்லை. எவருக்கும் வாடகை தருவதுமில்லை. அதே விதிப்படி, நம் கட்டடங்களால் நமக்கு ஓர் அங்குல நிலமும் சொந்தமாவதில்லை. 2024இல் பாரதியில் அஞ்சலகம் திறக்கப்பட்டபோது அதற்குத் தனிக் குறியீட்டு எண் தரப்பட்டது. அது கடிதத்துக்கு முகவரி; நிலத்துக்குப் பட்டா அன்று. 2022ஆம் ஆண்டின் இந்திய அண்டார்க்டிக் சட்டமும் நம் பயணங்களையும் அவற்றில் செல்வோரையும் கட்டுப்படுத்துவதே தவிர, நிலத்தை ஆள்வதன்று.

அப்படியாயின் நாம் பெற்றது என்ன? வாக்குரிமை. 1983இல் உடன்படிக்கையில் சேர்ந்த இந்தியா, அதே ஆண்டு செப்டம்பரில் முடிவெடுக்கும் உறுப்பு நாடாயிற்று. புதிதாகச் சேரும் நாடு குறிப்பிடத்தக்க ஆராய்ச்சி செய்து காட்டினாலன்றி இத்தகுதி கிட்டாது. ஏற்பாடு நல்லதே. எனினும் இதில் ஒரு குறையும் உண்டு: நாற்காலி வேண்டி நிலையம் கட்டும் போக்குக்கு இது இடம் தருகிறது. எளிதில் சென்றடையக்கூடிய கிங் ஜார்ஜ் தீவில் சீனா, கொரியா, ரஷ்யா, சிலி, போலந்து முதலிய பல நாடுகளின் நிலையங்கள் நெருங்கி நிற்கின்றன. எனவே 'இந்தியாவுக்கு எத்தனை நிலையங்கள்?' என்று கேட்பதைவிட, 'அங்கு எதை, எத்தனை ஆண்டுகளாக அளக்கிறோம்?' என்று கேட்பதே அறிவியல்.

ஹாலி நிலையம் இதற்குச் சான்று. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் உரிமை கோரும் பகுதியில் நிற்கும் இந்நிலையத்தில் பல்லாண்டுகள் பொறுமையாக எடுத்த அளவுகளைக் கொண்டே, 1985இல் ஓசோன் படலத்தின் தேய்வு உலகுக்குத் தெரிந்தது. பயன்பட்டது டாப்சன் நிறமாலைமானி. அதே வகைக் கருவி நம் மாவட்டத்துக் கொடைக்கானலிலும் ஓசோனை அளந்திருக்கிறது. நிலம் யாருடையது என்ற வழக்கு அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. அளவுகளோ உலகம் முழுவதற்கும் பயன்பட்டன.

மூன்றாவது கருத்தே மிகவும் தீங்கானது. உடன்படிக்கைக்குக் காலவரையறை இல்லை. 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் ஒப்பந்தம் சுரங்கத் தொழிலைத் தடை செய்கிறது. அதற்கும் முடிவு நாள் இல்லை. 2048 முதல், முடிவெடுக்கும் நாடு எதுவும் மறுஆய்வு மாநாடு கேட்கலாம் என்பதே விதி. அப்போதும், சுரங்கப் பணியை முறைப்படுத்தும் சட்ட ஏற்பாடு இல்லாமல் தடையை நீக்க இயலாது.

வடதுருவத்தையும் இதனோடு சேர்த்துக் குழப்பலாகாது. தெற்கே இருப்பது கடல் சூழ்ந்த நிலம். வடக்கே இருப்பது நாடுகள் சூழ்ந்த கடல். 2008இல் தொடங்கிய நமது ஹிமாத்ரி நிலையம் இருக்கும் ஸ்வால்பார்டு, 1920ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நார்வேயின் ஆட்சிக்குட்பட்டது. அங்கு வழக்கு முடிந்துவிட்டது, தெற்கே முடியவில்லை.

இன்று பத்தாம் வகுப்பில் பயிலும் மாணவர் 2048இல் நாற்பதை நெருங்கியிருப்பார். சுரங்கத் தடை நீடிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தால், இந்தியாவின் விடையில் அவர் தலைமுறைக்கும் பங்கிருக்கும். பங்கீட்டு நாள் வருகிறதென்று நம்பி வளர்ந்தவர் ஒருவகையாகவும், காக்க வேண்டிய விதி ஒன்று உண்டென்று அறிந்தவர் வேறு வகையாகவும் சிந்திப்பர். பாடம் எழுதுவோர் இதை மனத்திற்கொண்டு, துருவத்தை நடுவில் வைத்த படம் ஒன்றை அச்சிட்டு, ஏழு நாடுகளின் கோடுகளைப் புள்ளிக் கோடுகளாகக் காட்டி, நான்காம் பிரிவை இரண்டு வரியில் விளக்கினால் போதும்.