ஊர்ப் பெருக்கமும் ஒரு பாடநூல் கணக்கும்

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலில், வகைக்கெழுச் சமன்பாடுகள் பற்றிய பாடத்தில் ஒரு பயிற்சிக் கணக்கு உண்டு. ஒரு நகரின் மக்கள்தொகை பெருகும் வீதம், அந்தந்த நேரத்திலுள்ள தொகைக்கு நேர் விகிதத்தில் உள்ளது. 40 ஆண்டுகளில் அது 3 லட்சத்திலிருந்து 4 லட்சமாகிறது. எந்த ஒரு காலத்திலும் தொகை யாது எனக் காண வேண்டும். விடை ஓர் அடுக்குக்குறிச் சார்பு. அதைக் கொண்டு, அந்நகரம் இரட்டிப்பாக ஏறத்தாழ 96 ஆண்டுகள் ஆகும் என்றும் கூறிவிடலாம்.

கணக்கில் பிழை ஏதுமில்லை. கதிரியக்கச் சிதைவையும் மின்தேக்கியின் மின்னிறக்கத்தையும் இதே வகைச் சமன்பாடு விளக்குவதால், இது பயனுள்ள பயிற்சியும் ஆகும். ஆயினும், விதி எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதைப் பற்றி அக்கணக்கு ஒன்றும் சொல்லவில்லை. இக்குறை எவ்வளவு பெரிது என்பதை வேலூரைக் கொண்டு பார்ப்போம்.

2001-இல் வேலூர் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 1.77 லட்சம். 2011-இல் பழைய எல்லைக்குள் 1.86 லட்சம். இவ்விரு எண்களின்படி இரட்டிப்புக் காலம் ஏறத்தாழ 140 ஆண்டுகள். ஆனால் சத்துவாச்சாரி, தாராபடவேடு முதலிய அண்டை ஊர்கள் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. விரிந்த எல்லைக்குள், அதே 2011 கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 5 லட்சம் பேர். எல்லை மாறியதை அறியாத மாணவர் 1.77, 5 என்ற எண்களை எடுத்துக்கொண்டால் இரட்டிப்புக் காலம் 7 ஆண்டுகளுக்கும் குறைவு என்று வரும். 2031-இல் நகரில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் இருக்க வேண்டும்! 2011-இல் பிரிக்கப்படாத வேலூர் மாவட்டம் முழுவதிலுமே 39.36 லட்சம் பேர்தான் இருந்தனர்.

எல்லை மாறாவிட்டால் விதி பொருந்துமா? தமிழ்நாட்டின் மக்கள்தொகை 1961 முதல் 1971 வரை 22.3 விழுக்காடு பெருகி 4.12 கோடியாயிற்று. அதே வேகம் நீடித்திருந்தால் 2011-இல் 9.2 கோடியாக இருந்திருக்கும். உண்மையில் இருந்தது 7.21 கோடி. மாறிலி எனக் கொண்டது மாறிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ 4 குழந்தைகள். 2011-இல் 2-க்கும் குறைவு. ரேடியம் அணு சிதைவதற்கான வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. அது தன் அண்டை அணுவைப் பார்த்துத் திட்டத்தை மாற்றிக்கொள்வதுமில்லை. மனிதர் அப்படியல்லர். பெண்கல்வி, திருமண வயது, குடும்பநலம் ஆகிய யாவும் அந்த மாறிலியை அசைக்கின்றன.

இடப்பெயர்ச்சி இன்னொன்று. ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து திரும்பும் பெண்கள் ஆம்பூர்க் கணக்கில் சேருவதில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்து வந்து, வாரக்கணக்கில் விடுதிகளில் தங்கும் நோயாளிகளும் அவ்வாறே. இவர்களுக்கும் குடிநீர் வேண்டும் அன்றோ?

1798-இல் மால்தஸ் அடுக்குப் பெருக்கத்தைக் கூறியபோதே, உணவுப் பற்றாக்குறை அதைத் தடுக்கும் என்றும் கூறினார். 1838-இல் பெல்ஜிய அறிஞர் வெருல்ஸ்ட், பெருக்கம் படிப்படியாகத் தளர்ந்து ஓர் எல்லையை அணுகும் சமன்பாட்டை அமைத்தார். அதுவும் முடிந்த முடிபன்று. ஆனால் விதிக்கு வரம்பு உண்டு என்பதையாவது மாணவர் அதனால் உணர்வர்.

குடிநீர்த் திட்டங்களை 30 ஆண்டுத் தேவையைக் கருதி வகுப்பது வழக்கம். மதிப்பீடு மிகுந்தால் பணம் வீண். குறைந்தால் குழாயில் நீர் வராது. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டதால், அதன்பின் பல ஆண்டுகள் 2011-இன் எண்களையும் மதிப்பீடுகளையுமே நம்ப வேண்டியதாயிற்று. ஆகவே இது தேர்வு மதிப்பெண்ணோடு முடியும் செய்தியன்று.

பாடநூலுக்கு நமது பரிந்துரை எளியது. கணக்கை நீக்க வேண்டாம். மூன்றாவது கணக்கெடுப்பு எண் ஒன்றைச் சேர்த்தால் போதும். முதல் இரண்டைக் கொண்டு மூன்றாவதை முன்கூறி, உண்மை எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபாட்டின் காரணத்தை எழுதுமாறு மாணவரைக் கேட்கலாம். பாடநூல் மாறும்வரை காத்திராமல், வாசகர்களும் தத்தம் ஊரின் எண்களைக் கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். எல்லை மாறியதா என்பதை மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.