ஏலத்தில் வந்த விருந்தாளி

விளையாட்டைப் பற்றிய கட்டுரைக்கு இலக்கிய ஏட்டில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். ஆயிரக்கணக்கான மக்கள் கூடி ஆர்ப்பரிக்கும் இடத்தில் அவர்களுடைய விருப்பும் வெறுப்பும், நினைவும் மறதியும் வெளிப்பட்டு நிற்கின்றன. அவற்றை விட்டுவிட்டுக் கவிதையையும் கதையையும் மட்டும் ஆராயும் விமர்சனம் பாதி விமர்சனமே. மேற்கிந்தியத் தீவுகளின் மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ், 1963இல் வெளியிட்ட தமது நூலில் கிரிக்கெட்டையும் குடியேற்ற ஆட்சியையும் ஒருசேர வைத்து ஆராய்ந்தது இக்காரணம் பற்றியே. அவ்வழியில் நின்று, தமிழ்ப் பொதுமக்களின் மனத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை இங்கு ஆராய விரும்புகிறோம்.

2022 பெப்ரவரி 12, 13ஆம் திகதிகளில் இந்தியப் பிரீமியர் லீக் போட்டிகளுக்கான வீரர்கள் பெங்களூரில் ஏலம் விடப்பட்டனர். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி, மகீஷ் தீக்‌ஷண என்னும் இலங்கைச் சுழற்பந்து வீச்சாளரை 70 இலட்சம் இந்திய ரூபாவுக்கு வாங்கியது. உடனே தமிழகத்தில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அவர் சிங்களவர், இலங்கை இராணுவத்தின் விளையாட்டுக் கழகத்துக்காக ஆடியவர், ஆகவே தமிழர் தம் அணியில் அவருக்கு இடமில்லை, அவரை வைத்திருக்கும் அணியையே புறக்கணிப்போம் என்று சமூக வலைத்தளங்களில் பலர் முழங்கினர். அணி அவரை விலக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் பெங்களூர் அணிக்கு எதிராக அவர் 4 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அதே மாதத்தில் மதீஷ பத்திரண என்னும் மற்றொரு சிங்கள இளைஞரும், காயமுற்ற வீரர் ஒருவருக்குப் பதிலாகச் சென்னை அணியிற் சேர்க்கப்பட்டார். 2023 மே 6ஆம் திகதி சேப்பாக்கம் மைதானத்தில் மும்பை அணிக்கு எதிராக 15 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்டுகளைச் சாய்த்து ஆட்ட நாயகனானார் பத்திரண. ‘குட்டி மலிங்க’ என்று அவரைக் கொண்டாடிய ரசிகர்களுக்கு முந்திய ஆண்டின் முழக்கம் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

இம்மாற்றத்துக்கு இருவகையான விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. விளையாட்டு இனபேதத்தை வென்றுவிட்டது என்று மகிழ்வார் ஒரு சாரார். தமிழன் சொரணை கெட்டுவிட்டான், விக்கெட்டுக்காக இரத்தத்தை மறந்தான் என்று வெதும்புவார் மறு சாரார். இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. எதிர்த்தவரும் வரவேற்றவரும் செய்த பிழை ஒன்றே என்பது எமது கருத்து. இரு சாராரும் ஓர் இளைஞனைப் பார்த்தனர். அவனுக்குப் பின்னால் நிற்கும் கேள்வியைப் பார்க்கவில்லை. அக்கேள்விக்கு உரிய மக்களையோ எவரும் நினைக்கவேயில்லை.

முதலில் எதிர்ப்பை நோக்குவோம். தீக்‌ஷண பிறந்தது 2000 ஓகஸ்ட் மாதத்தில். பத்திரண பிறந்தது 2002 டிசம்பரில். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தபோது முன்னவருக்கு 8 வயது. பின்னவருக்கு 6 வயது. இவர்கள் மீது எந்தக் குற்றத்தைச் சாட்டுவது? பிறப்பைத் தவிர வேறு எதனைச் சாட்ட முடியும்? பிறப்பைக் கொண்டு மனிதனைத் தீர்ப்பிடுவது எவ்வளவு இழிவானது என்பதைத் தமிழருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024இல் ஐதராபாத் அணியிற் சேர்க்கப்பட்டபோது நாமெல்லோரும் பூரித்துப் போனோம். தமிழன் என்ற ஒரே காரணத்தைக் காட்டி ஒரு கூட்டம் அவரை ஏசியிருந்தால் அதனை என்ன பெயரால் அழைத்திருப்போமோ, அதே பெயரால்தான் இதனையும் அழைத்தாக வேண்டும்.

2013ஆம் ஆண்டின் அனுபவமும் இங்கு நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஈழத்தமிழருக்கு நீதி கோரித் தமிழக மாணவர்கள் உண்ணாநோன்பிருந்து வீதிக்கு வந்தனர். அவ்வெழுச்சியின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் அதற்கு ஆட்சியாளர் அளித்த விடை யாது? இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்றார் முதலமைச்சர் ஜெயலலிதா. லீக் நிர்வாகமும் பணிந்தது. அத்தடை யாரை வெளியே நிறுத்தியது? 2008 முதல் 2010 வரை சென்னை அணிக்கே ஆடியவரும், அப்போது பெங்களூர் அணியில் இருந்தவருமான முத்தையா முரளிதரனையும் வெளியே நிறுத்தியது. தமிழர் பெயரால் விதிக்கப்பட்ட தடை, கண்டியில் பிறந்த மலையகத் தமிழர் ஒருவரைச் சேப்பாக்கத்தில் ஆடவிடாமற் செய்தது! மாணவர் கேட்டதோ சர்வதேச விசாரணை. கிடைத்ததோ பந்துவீச்சாளர் சிலரின் விடுமுறை.

அப்படியாயின் விளையாட்டில் புறக்கணிப்பே கூடாதா என்று கேட்கலாம். கூடும். தென்னாபிரிக்காவின் நிறவெறிக்கு எதிரான புறக்கணிப்பு அதற்குச் சான்று. ஆனால் அதன் தன்மையை ஊன்றிப் பார்க்க வேண்டும். அதனைக் கோரியவர்களுள் முன்னின்றோர் அந்நாட்டிலேயே ஒடுக்கப்பட்டிருந்த மக்கள். அது எதிர்த்தது நிறம் பார்த்து அணி தெரியும் முறையை. 1968இல் பசில் டி ஒலிவேரா என்னும் கலப்பின வீரரை இங்கிலாந்து அணியில் ஏற்கத் தென்னாபிரிக்க அரசு மறுத்தது, அச்சுற்றுப்பயணமே கைவிடப்பட்டது. 1991இல் நிறவெறிச் சட்டங்கள் நீக்கப்பட்டதும் அந்நாடு மீண்டும் சர்வதேசக் கிரிக்கெட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்டது. கோரியவர் யார், கோரிக்கை எது, எப்போது முடியும் என்ற மூன்றும் அங்கு தெளிவாக இருந்தன. 2022இன் முழக்கத்தில் இம்மூன்றில் ஒன்றேனும் இருந்ததா? இல்லை. ஆகவேதான் ஓர் ஆட்டக்காரரின் நாலு ஓவர்களில் அது கரைந்துபோயிற்று.

இனி வரவேற்பை நோக்குவோம். கிளாஸ்கோ நகரின் ரேஞ்சர்ஸ் உதைபந்தாட்டக் கழகம் நெடுங்காலமாகத் தன்னைப் புரட்டஸ்தாந்தர்களின் கழகம் என்றே எண்ணி வந்தது. 1989 யூலையில் மோ ஜோன்ஸ்டன் என்னும் கத்தோலிக்க வீரரை அது சேர்த்துக்கொண்டபோது ரசிகர் சிலர் கழகத்தின் கழுத்துத்துணிகளைத் தீயிட்டுக் கொளுத்தினர். அதே ஆண்டு நவம்பரில், பரம வைரியான செல்ற்றிக் அணிக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிக் கோலை அடித்தவர் அவரே. ரசிகர்கள் ஆனந்தக் கூத்தாடினர். ஆனால் 2006இலும், ரசிகர்களின் மதத் துவேஷப் பாடல்களுக்காக ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கம் அக்கழகத்துக்குத் தண்டம் விதிக்க நேர்ந்தது. ஒரு மனிதனை ஏற்றுக்கொண்டபின்னும் துவேஷத்தை அப்படியே பேணி வைத்திருக்கக் கூட்டத்தால் முடியும் என்பதை இது காட்டுகிறது. விதிவிலக்கு ஒன்றைக் கொண்டாடுவதால் விதி மாறிவிடுவதில்லை.

சென்னையின் வரவேற்பும் இத்தகையதே. ஊர்க் கழகத்தில் ஒருவனைச் சேர்ப்பதற்கும் இத்தகைய அணியில் ஒருவன் சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். எமது கிராமங்களில் வாசிகசாலையும் விளையாட்டுக் கழகமும் அருகருகே வளர்ந்தவை. அங்கு அயலூரான் ஒருவன் ஆட வந்தால் அவனை அறிவோம். அவனோடு தேநீர் அருந்துவோம். மனத்தாங்கல் இருந்தால் முகத்துக்கு நேரே கேட்போம். சென்னை அணியோ 2008இல் 9 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஒரு சீமெந்துக் கம்பனி விலைக்கு வாங்கிய உடைமை. யாரைச் சேர்ப்பது என்று ரசிகனை எவரும் கேட்பதில்லை. அவன் எதிர்த்தாலும் ஏலம் நடக்கும். வரவேற்றாலும் ஏலம் நடக்கும். தான் அழைக்காத விருந்தாளியைத் தன் விருந்தாளி என்று நம்பும் உரிமை மட்டுமே அவனுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. 2025ஆம் ஆண்டுப் போட்டிகளுக்கு முன் தீக்‌ஷண ராஜஸ்தான் அணிக்கு விலைபோனார். 2026ஆம் ஆண்டுப் போட்டிகளுக்கு முன் பத்திரணவையும் சென்னை அணி விடுவித்துவிட்டது. உறவு என்று கொண்டாடப்பட்டது ஒப்பந்தமே என்பது அப்போது வெளிப்பட்டது.

இவ்வாறு கூறுவதால் அந்த ரசிகர்களை நாம் இகழ்வதாக எவரும் கருதலாகாது. சிங்களவர் என்று தெரிந்தும் ஒருவரின் திறமைக்குக் கைதட்டிய இளைஞர்களிடம் ஆரோக்கியமான உணர்ச்சி ஒன்று இருக்கிறது. உழைப்பைக் கொண்டு மனிதனை மதிக்கும் உணர்ச்சி அது. பிறப்பை முதன்மைப்படுத்தும் கூச்சலைவிட அது ஆயிரம் மடங்கு மேலானது. அதன் குறை, கேள்வியே கேளாமல் நின்றுவிட்டது என்பதுதான்.

அக்கேள்விக்கு உரியவர்கள் எங்கே இருந்தார்கள்? காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். 2022 பெப்ரவரி 20இல் அப்போராட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் நிறைந்தன. சென்னை அணியின் புதிய வீரரைப் பற்றிய ஆரவாரம் எழுந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. ஈழத்தமிழர் பெயரால் கொதித்தெழுந்த அந்த ஆரவாரத்தில் அத்தாய்மாரின் குரலுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது? மன்னிப்பதற்கும் மறுப்பதற்கும் முதல் உரிமை பெற்றவர்கள் அவர்கள். அவ்வுரிமையைச் சேப்பாக்கத்தின் நுழைவுச்சீட்டோடு சேர்த்து எவரும் வாங்கிவிட முடியாது; புறக்கணிப்பு முழக்கத்தாலும் பறித்துக்கொள்ள முடியாது.

இன்னுமொன்று. தீக்‌ஷண சென்னைக்கு விலைபோவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 2021 டிசம்பரில், ‘யாழ்ப்பாணம்’ என்ற பெயரை நெஞ்சில் தாங்கி ஆடியவர்! லங்கா பிரீமியர் லீக்கில் ஜப்னா கிங்ஸ் அணியின் பந்துவீச்சாளர் அவர். அணியின் தலைவர் திசர பெரேரா, இராணுவத் தொண்டர் படையில் அதிகாரிப் பதவி பெற்றவர். உரிமையாளர், இலண்டனைத் தளமாகக் கொண்ட லைக்கா நிறுவனத்தின் தமிழ் முதலாளி. அவ்வணி கிண்ணம் வென்றபோது எமது இளைஞர்கள் வெடி கொளுத்தி மகிழ்ந்தனர். ஆனால் 2020 முதல் 2022 வரை மூன்று முறை தொடர்ந்து வாகை சூடிய யாழ்ப்பாண அணி, அம்மூன்று ஆண்டுகளிலும் யாழ்ப்பாண மண்ணில் ஓர் ஆட்டமேனும் ஆடியதில்லை. எமது ஊரின் பெயர் சென்ற இடங்களுக்கு எமது ஊரின் துயரம் செல்லவில்லை. 1999இல் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கைத் திருத்தியபோது மண்ணுக்கடியில் மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. விளையாட்டு வேறு, வரலாறு வேறு என்று வாதிடுவோர் அந்த அரங்கில் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

இராணுவத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். இலங்கையில் முப்படைகளின் விளையாட்டுக் கழகங்கள் வீரர்களுக்குச் சம்பளமும் நிரந்தரத் தொழிலும் அளிக்கின்றன. விளையாட்டை நம்பி வாழ விரும்பும் சிங்களக் கிராமத்து இளைஞர்கள் பலருக்குப் படையின் சீருடையே திறந்திருக்கும் வழி. அவ்வழியைத் தேர்ந்தவன் மீது பகை கொள்வதால் நாம் அடையப்போவது ஒன்றுமில்லை. அதே வேளையில், விக்கெட் வீழ்த்தும் வீரனின் புன்னகையைக் கொண்டு அந்நிறுவனம் தன் முகத்தைத் துடைத்துக்கொள்வதையும் அனுமதிக்கலாகாது. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத காணிகள் இன்னும் உள்ளன. பந்துவீச்சாளனுக்குக் கைதட்டிய கை, அக்காணிகளுக்கான மனுவிலும் கையெழுத்திட வேண்டும். இவ்விரண்டும் முரணல்ல.

எமது முற்றத்தையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்களை மறித்து நின்றவர்கள் சிங்களவர் அல்லர். பிறப்பைக் கேட்டு வாயிலைத் திறப்பதும் அடைப்பதும் யாழ்ப்பாணச் சமூகத்துக்குப் புதியதன்று. அப்பழக்கம் எமது கழகங்களிலும் தெரிவுக் குழுக்களிலும் எஞ்சியிருக்கும்வரை, அயலாரின் வரவேற்பை அளக்கும் கோல் எமது கையில் சற்று நடுங்கவே செய்யும்.

2025 செப்ரெம்பரில் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. அது நிறைவேறுமாயின், தென்னிலங்கையின் இளைஞர்கள் யாழ்ப்பாண அணிக்காக யாழ்ப்பாணத்திலேயே ஆட வருவார்கள். அன்று எமது மாணவர்கள் என்ன செய்ய வேண்டும்? பிறப்பைச் சொல்லி எவரையும் ஏசலாகாது. வெற்றி மயக்கத்தில் வாய் மூடி நிற்கவுமாகாது. வருபவரை வருக என்று அழைப்போம், உட்காரச் சொல்வோம், இந்த வீட்டில் நடந்தவற்றையும் இன்னும் வீடு திரும்பாதவர்களின் பெயர்களையும் அவருக்குச் சொல்வோம். அதைச் செவிமடுக்கும் சிங்கள இளைஞர்கள் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை எமக்குண்டு. அவர்களைத் தேடிக் கண்டடையும் பொறுப்பை ஏலக்காரனிடம் விட்டுவிட முடியாது; அது ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய எம்முடையது.